ஓடுகிற ஈமாக்ஸை நம்பாதீர்கள்: மூலநிரலில் வழு திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குனு ஈமாக்ஸ் என்னும் உரை எடிட்டரின் மூலநிரலைத் திறந்தால் இரண்டு பெரிய அடைவுகள் கண்ணில் படும். ‘எஸ்ஆர்சி’ அடைவில் சி மொழியில் எழுதிய கரு இருக்கும். ‘லிஸ்ப்’ அடைவில் அதன்மேல் லிஸ்ப் மொழியில் கட்டிய எல்லாமும் இருக்கும். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிஸ்ப் பக்கத்தில் எந்த ஃபங்ஷனையும் மாற்றி எழுதலாம், மறுதொடக்கம் வேண்டாம். 1985-இல் முதல் பொது வெளியீடு வந்ததிலிருந்து இதுதான் அதன் பெருமை. வழு திருத்த வருகிறவரின் காலை வாருவதும் இதே வசதிதான். திரையில் ஓடுவதும் வட்டில் இருப்பதும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் தொடங்குகிறார்கள்.

எந்த ஈமாக்ஸில் சோதிக்கிறீர்கள்?

டெர்மினலில் வெறுமனே ‘ஈமாக்ஸ்’ என்று அடித்தால், பெரும்பாலும் இயங்குதளத்தோடு நிறுவப்பட்ட பதிப்புதான் திறக்கும், நீங்கள் இப்போது கட்டியது அல்ல. திருத்தம் வேலை செய்யவில்லை என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகே இது தெரியவரும். எஸ்ஆர்சி அடைவுக்குள் இருக்கும் இயங்குகோப்பை முழுப் பாதையோடு அழையுங்கள். உள்ளே போனதும் ‘ஈமாக்ஸ்-ரெபாசிட்டரி-வெர்ஷன்’ மாறியின் மதிப்பைப் பாருங்கள். எந்த கமிட்டிலிருந்து கட்டியது என்று அது சொல்லும்.

அடுத்தது, சொந்த அமைப்புக் கோப்போடு வழுவை மீட்டெடுக்கப் பார்ப்பது. பெரிய எழுத்து ‘-கியூ’ கொடுத்துத் தொடங்கினால் உங்கள் அமைப்புக் கோப்பு, நிறுவனத்தளக் கோப்பு, எக்ஸ் அமைப்புகள் எல்லாம் விலகிவிடும். சின்ன எழுத்து ‘-கியூ’ உங்கள் அமைப்புக் கோப்பை மட்டும்தான் விடும். அது போதாது. பெரிய ‘-கியூ’வில் வழு காணாமல் போனால் குற்றவாளி அமைப்புக் கோப்பிலோ ஏதோ ஒரு பொதியிலோ இருக்கிறான். அமைப்புக் கோப்பைப் பாதி பாதியாக முடக்கிக்கொண்டே போனால் ஏழெட்டு முறையில் வரி பிடிபடும். சந்தேகப்படும் ஃபங்ஷனை ‘டிஸ்கிரைப்-ஃபங்ஷன்’ கட்டளையில் பார்ப்பதும் நல்லது. அதன்மேல் யாராவது ‘அட்வைஸ்’ (ஃபங்ஷனின் மூலத்தைத் தொடாமல் அதன் நடத்தையை வெளியிலிருந்து மாற்றும் ஒட்டு) போட்டிருந்தால் அங்கேயே எழுதியிருக்கும். (ஈமாக்ஸின் சொந்த மூலநிரலுக்குள் அட்வைஸ் போட்டு வழு திருத்துவது ஏற்கப்படாது. மூல ஃபங்ஷனையே மாற்ற முடிகிறபோது அதன் முதுகில் ஏற வேண்டியதில்லை.)

மாற்றினேன், மாறவில்லை

இந்தப் புகாருக்குக் காரணம் நாலைந்து இருக்கலாம். முதலாவது, மாறியை வரையறுக்கும் ‘டெஃப்வார்’. ஒரு கோப்பில் உச்சவரம்பு 100 என்று டெஃப்வாரால் வரையறுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 500 ஆக்கி, பஃபரில் (திறந்திருக்கும் உரையில்) உள்ள நிரல் முழுவதையும் இயக்கும் ‘இவால்-பஃபர்’ ஓட்டுகிறீர்கள். மதிப்பு 100-ஆகவே நிற்கும். ஏற்கெனவே மதிப்புள்ள மாறியை டெஃப்வார் தொடாது. பயனர் அமைத்த மதிப்பை அழிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வரையறைக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்தினால் வலுக்கட்டாயமாகப் புது மதிப்பு ஏறும். பயனர் அமைப்புகளை வரையறுக்கும் ‘டெஃப்கஸ்டம்’முக்கும் இதே விதிதான். இதில் அதிகம் ஏமாறுவது விசைப்பலகை வரைபடத்தில். ஒரு மோடின் கீமேப்பும் (அந்த விசைப்பலகை வரைபடமும்) டெஃப்வாரில்தான் பிறக்கிறது, ஆகவே அதற்குள் ஒரு விசையைச் சேர்த்துவிட்டு முழு பஃபரையும் எத்தனை முறை ஓட்டினாலும் அந்த விசை வராது.

இரண்டாவது, பழைய பைட்கோடு (லிஸ்ப் மூலத்தைத் தொகுத்து வரும் இடைநிலை நிரல்). ‘லோட்’ இயல்பாகத் தொகுக்கப்பட்ட ‘.எல்சி’ கோப்பைத்தான் முதலில் எடுக்கும், மூலக்கோப்பு அதைவிடப் புதிதாக இருந்தாலும் சரி. எச்சரிக்கை ஒரு வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. ‘லோட்-ப்ரிஃபர்-நியூயர்’ மாறியை ‘டி’ ஆக்கி வைத்தால் இந்தத் தொல்லை ஒழியும். ஈமாக்ஸ் 28 முதல் நேட்டிவ் தொகுப்பும் (எந்திர மொழிக்கு மாற்றுவதும்) சேர்ந்துகொண்டதால் ஒரே நிரலுக்கு மூன்று வடிவங்கள் இருக்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது: மேக்ரோ, அதாவது தொகுக்கும்போதே வேறு நிரலாக விரிக்கப்படுவது. ஒரு கோப்பில் உள்ள மேக்ரோவைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் மற்ற கோப்புகளின் பைட்கோடில் பழைய விரிவு அப்படியே பதிந்து கிடக்கும். கட்டும் கருவியான ‘மேக்’ பெரும்பாலும் நீங்கள் தொட்ட கோப்பை மட்டும் மறுபடி தொகுத்துவிட்டுப் போய்விடும். ‘டெஃப்சப்ஸ்ட்’ ஃபங்ஷன்களும் இதே வகை, ஏனென்றால் அவை அழைக்கும் இடத்திலேயே விரிக்கப்படுகின்றன. உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடும், புதிதாகக் கட்டுகிறவரிடம் உடையும். தலைகீழாகவும் நடக்கும். மேக்ரோவைத் தொட்டால் பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்புமுன் ஒரு தடவையாவது, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும் ‘மேக் பூட்ஸ்டிராப்’ ஓட்டியே தீர வேண்டும். நேரம் பிடிக்கும், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

தொடக்கத்திலேயே ஏற்றப்படும் அடிப்படைக் கோப்புகள் ஈமாக்ஸ் 27 முதல் ‘.பிடிஎம்பி’ என்ற நினைவகப் படத்துக்குள் போய்விடுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ‘சிம்பிள்’, ‘சப்ஆர்’ போன்ற கோப்புகளை மாற்றினால் மேக் ஓட்டிப் படத்தைப் புதுப்பித்த பிறகே அடுத்த தொடக்கத்தில் மாற்றம் தெரியும்.

பழைய கோப்பின் முதல் வரி

லெக்சிகல் பைண்டிங் (மாறியின் மதிப்பு அது எழுதப்பட்ட நிரல் பகுதிக்குள் மட்டும் தெரியும் முறை) 2012-இல் வந்த ஈமாக்ஸ் 24.1-இல் அறிமுகமானது. அதற்கு முந்தைய கோப்பைத் திருத்தப் போகிறவர், முதல் வரியில் அதை இயக்கும் குறிப்பைச் சேர்த்துவிட்டு நவீனப்படுத்தியதாக எண்ணிக்கொள்வார். பழைய நிரலில் ஒரு ஃபங்ஷன் ‘லெட்’ போட்டு ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கும், அது அழைக்கும் வேறொரு ஃபங்ஷன் அந்த மதிப்பைச் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளும். குறிப்பைச் சேர்த்த கணமே அந்த வழி அடைபடும். பிழைச்செய்தி வந்தால் அதிர்ஷ்டம். வெளியே அதே பெயரில் இன்னொரு மதிப்பு இருந்தால் தவறான விடை மட்டும் வரும். தொகுப்பியின் ‘பயன்படாத லெக்சிகல் மாறி’ என்ற எச்சரிக்கை இதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காகப் பெயருக்கு முன் அடிக்கோடு போடுகிறவர்கள், வழுவைத் திருத்தவில்லை, மூடிவைக்கிறார்கள். மாறி உண்மையிலேயே பொதுவானது என்றால் மதிப்பில்லாத டெஃப்வார் ஒன்றைக் கோப்பின் மேலே எழுதுங்கள்.

எழுத்து, பைட், திரையில் தெரிவது

சி பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறு, எழுத்து இடத்தையும் பைட் இடத்தையும் குழப்புவது. ஆங்கில எழுத்துகளில் இரண்டும் ஒன்றாகவே நகரும், அதனால் சோதனையில் மாட்டாது. ஒரு வெற்று பஃபரில் ‘தமிழ்’ என்று தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. பஃபரில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் 15. சொல்லின் கடைசியில் கர்சர் நிற்கும்போது எழுத்து இடம் 6, பைட் இடம் 16 (எண்ணிக்கை 1-இல் தொடங்குவதால்). ஒரு சுழற்சிக்குள் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் நிரல், முதல் சுற்றிலேயே ‘த’வின் வயிற்றுக்குள் போய் நிற்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் ‘கேர்-டு-பைட்’ அழைத்து மாற்றுவதும் நல்ல தீர்வு அல்ல. பெரிய பஃபரில் அந்தக் கணக்குக்கு விலை உண்டு. இரண்டு எண்களையும் சேர்த்தே நகர்த்துங்கள், அதற்கென்றே ‘இன்க்-போத்’ இருக்கிறது. லிஸ்ப் பக்கத்தில் இந்தக் கவலை குறைவு, ஆனால் எழுத்து எண்ணிக்கையைத் திரை அகலமாக எடுத்துக்கொள்ளும் தவறு அங்கே உண்டு. நெடுக்கை அகலத்துக்கு ‘ஸ்டிரிங்-விட்த்’ பயன்படுத்த வேண்டும், ‘லெங்த்’ அல்ல.

வழு என்று புகாராக வருவதெல்லாம் வழு அல்ல என்பதற்கும் இதே சொல் உதாரணம். ஈமாக்ஸ் 29 முதல் டெலிட் விசை ‘மி’யை முழுதாக அழிக்கும், பேக்ஸ்பேஸ் இகரக் குறியை மட்டும் அழிக்கும். தட்டுப்பிழையில் உயிர்க்குறியை மட்டும் மாற்ற வசதியாக வேண்டுமென்றே விட்டது அது. ‘ஒரே மாதிரி ஆக்குகிறேன்’ என்று கிளம்பாதீர்கள்.

சுட்டி கையில் இருக்கும்போது லிஸ்பை அழைப்பது

பஃபரின் உரை ஒரே நினைவகத் துண்டு, நடுவில் ஓர் இடைவெளி. தட்டச்சு செய்யும் இடத்துக்கு அந்த இடைவெளி நகரும், போதாவிட்டால் துண்டு முழுதும் இடம் மாறும். ஆகவே உரைக்குள் எடுத்த சி சுட்டி, செருகல் ஒன்று நடந்த பிறகு எங்கே காட்டும் என்று சொல்ல முடியாது. ஸ்டிரிங் தரவுக்கான ‘எஸ்டேட்டா’ சுட்டியும் இப்படித்தான். குப்பை அகற்றி (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) சிறிய ஸ்டிரிங்குகளை நெருக்கி அடுக்கும்போது தரவை நகர்த்திவிடும். இட எண்ணை வைத்துக்கொண்டு, லிஸ்ப் ஓடியிருக்கக்கூடிய ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் சுட்டியைப் புதிதாக எடுங்கள்.

எந்த அழைப்பில் லிஸ்ப் ஓடும்? நினைப்பதைவிட அதிகமானவற்றில். ஓர் எழுத்தைச் செருகினாலே மாற்ற ஹுக்குகள் (மாற்றம் நடக்கும்போது தானாக அழைக்கப்படும் ஃபங்ஷன்கள்) ஓடும், ஹுக்கில் பயனர் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அந்த பஃபரையே கொன்றிருக்கலாம். ஹுக் ஓடிய பின் பஃபர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் தொடரும் சி நிரல், விரிவாக்கக்கூடிய எடிட்டர் என்பதை மறந்து எழுதியது.

ஈமாக்ஸ் 25-இல் ‘ஜிசிப்ரோ’ மேக்ரோக்கள் நீக்கப்பட்டதால், லிஸ்ப் பொருள்களைக் குப்பை அகற்றியிடமிருந்து பாதுகாக்கவே வேண்டாம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். ஸ்டாக்கில் உள்ள உள்மாறிகளுக்குத்தான் அந்தச் சலுகை. ‘ஸ்டேட்டிக்’ மாறியில் லிஸ்ப் பொருளை வைத்தால் ‘ஸ்டேட்டிக்ப்ரோ’ வேண்டும். மறந்தால் வழு அங்கே வெடிக்காது. பல நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத கட்டளையின்போது, குப்பை அகற்றியின் ‘மார்க்’ ஃபங்ஷனுக்குள் வெடிக்கும். அந்த இடத்தைத் துருவுவது வீண்.

இவற்றைப் பிடிக்க, கன்ஃபிகர் செய்யும்போதே ‘எனேபிள்-செக்கிங்’ விருப்பத்தை ‘யெஸ்,கிளிஃப்ஸ்’ என்று கொடுத்து, சி தொகுப்பிக்கு ‘-ஓ0 -ஜி3’ கொடுங்கள். ஈமாக்ஸ் மந்தமாகும், ஆனால் தவறு நடந்த இடத்திலேயே நிற்கும். வழுநீக்கியான ஜிடிபியை எஸ்ஆர்சி அடைவிலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள ‘.ஜிடிபிஇனிட்’ ஏறினால்தான் லிஸ்ப் பொருளைப் படிக்கும்படி அச்சிடும் ‘பிபி’யும், லிஸ்ப் அழைப்புத் தொடரைக் காட்டும் ‘எக்ஸ்பேக்டிரேஸ்’ கட்டளையும் கிடைக்கும்.

சத்தமில்லாமல் சாகும் பிழைகள்

ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஓடும் ‘போஸ்ட்-கமாண்ட்-ஹுக்’கில் ஒரு ஃபங்ஷன் பிழை எறிந்தால் ஈமாக்ஸ் அதை ஹுக்கிலிருந்தே தூக்கிவிடும். இல்லாவிட்டால் ஒவ்வொரு விசைக்கும் பிழை வந்து எடிட்டரே பயன்படாமல் போகும். ‘முதலில் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது’ என்ற புகாரைக் கண்டால் மெசேஜஸ் பஃபரில் பின்னோக்கித் தேடுங்கள். திரையை வரையும்போது எழும் பிழைகளும் விழுங்கப்படும். வண்ணமிடும் நிரலுக்கு ‘ஜிட்-லாக்-டீபக்-மோட்’, மற்றவற்றுக்கு ஈமாக்ஸ் 29-இல் வந்த ‘பேக்டிரேஸ்-ஆன்-ரீடிஸ்ப்ளே-எரர்’ இருக்கின்றன.

பிழையைச் சுற்றி ‘இக்னோர்-எரர்ஸ்’ போட்டு மூடுவதுதான் மோசமான திருத்தம். விட்டே ஆக வேண்டிய பிழை என்றால் ‘வித்-டிமோட்டட்-எரர்ஸ்’ போடுங்கள். செய்தியாவது மிஞ்சும், ‘டீபக்-ஆன்-எரர்’ போட்டவருக்கு அழைப்புத் தொடரும் கிடைக்கும்.

பட்டியலில் ஒளிந்த வழு

இரண்டாம் முறை அழைக்கும்போது மட்டும் வரும் வழுவுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது, மேற்கோள் குறியோடு எழுதிய மாறாப் பட்டியலை. ஒரு ஃபங்ஷனில் இரண்டு உறுப்புள்ள பட்டியலை மேற்கோளிட்டு எழுதி, அதன் வாலில் ‘என்காங்’ கொண்டு வேறொன்றை ஒட்டுகிறார்கள். அந்த மேற்கோள் பட்டியல் அழைப்புக்கு ஒருமுறை பிறப்பதில்லை. நிரலின் உறுப்பாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முதல் அழைப்பில் ஒட்டியது இரண்டாம் அழைப்பிலும் இருக்கும். ஒட்டப்படுவது அதே பட்டியல் பொருளாக இருந்துவிட்டால் வால் தன்னையே பிடித்துக்கொள்ளும், பட்டியல் வட்டமாகிவிடும். ‘லிஸ்ட்’ அழைத்துப் புதிதாகக் கட்டுங்கள், அல்லது ‘அப்பெண்ட்’ பயன்படுத்துங்கள். ‘டெலிட்’, ‘சார்ட்’ இரண்டின் விடையையும் மறுபடி மாறியில் ஏற்றாமல் விடுவதும் இதன் தம்பி.

‘சேவ்-எக்ஸ்கர்ஷன்’ எல்லாவற்றையும் மீட்கும் என்ற நம்பிக்கையும் பொய். அது மீட்பது பஃபரையும் கர்சர் இடத்தையும்தான். குறுக்கிய எல்லைக்கு (பஃபரின் ஒரு பகுதியை மட்டும் காட்டும்போது) ‘சேவ்-ரெஸ்ட்ரிக்ஷன்’, தேடல் முடிவுக்கு ‘சேவ்-மேட்ச்-டேட்டா’ தனியாக வேண்டும். பஃபரின் தொடக்கத்தை 1 என்று எழுதாதீர்கள், ‘பாயிண்ட்-மின்’ என்று எழுதுங்கள்.

அனுப்புமுன்

திருத்தத்துக்கு ஓர் ஈஆர்டி (ஈமாக்ஸின் தானியங்கிச் சோதனை முறை) சோதனை எழுதி, திருத்தத்தை எடுத்துவிட்டால் அது தோற்கிறதா என்று முதலில் பாருங்கள். எப்போதும் வெல்லும் சோதனை எதையும் சோதிக்கவில்லை. வெளியீட்டுக் கிளைக்குப் போகும் திருத்தத்தோடு மறுசீரமைப்பைக் கலக்காதீர்கள். அங்கே ஏற்பது அந்த வழுவுக்கு மட்டுமான, ஆபத்தில்லாத மாற்றங்களை. அந்தக் கிளை அவ்வப்போது மாஸ்டரில் (முதன்மைக் கிளையில்) இணைக்கப்படுவதால் அதே திருத்தத்தை இரண்டிலும் தனித்தனியாகப் போட்டால் மோதும். கமிட்டின் முதல் வரி முடிந்தவரை 50 எழுத்துக்குள், முடிவில் முற்றுப்புள்ளி இல்லாமல் இருக்கட்டும். கீழே மாற்றிய கோப்பும் ஃபங்ஷனும், வழு எண்ணும் வர வேண்டும். மாற்றம் ஏறத்தாழ 15 வரியைத் தாண்டினால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பதிப்புரிமை எழுதிக்கொடுக்கும் தாள் வேலை இருக்கிறது. அதற்கு நாளாகும் என்பதால் பேட்ச் தயாராகும் முன்பே தொடங்கிவிடுங்கள்.