திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு முதல் பாதயாத்திரை: வழியும் தங்கலும்

பழனிக்கு நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும்?" என்பதுதான். நான் அதை இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி, வெயில் ஏறும்போது எங்கே படுத்திருப்பீர்கள் என்பது. தங்கும் இடம் முடிவானால் தூரம் தானாக முடிவாகும். பாதியில் பஸ் ஏறித் திரும்புகிறவர்களில் பலர் நடக்கத் தெம்பில்லாதவர்கள் அல்ல. முதல் இரவு சரியாகத் தூங்காதவர்கள். அதனால் இந்த விளக்கம் முழுவதையும் தங்கும் ஊர்களை வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: எங்கிருந்து நடப்பது

பழனிக்கு எல்லாத் திசையில் இருந்தும் ஆட்கள் நடந்து வருகிறார்கள். காரைக்குடிப் பக்கத்தில் இருந்து வருபவர்கள் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வருவார்கள். நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வழி அது. திருச்சிக்காரர்கள் மணப்பாறை வழியாக வருவார்கள். கோவைக்காரர்களுக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழி. இவை எல்லாம் 100 கிலோமீட்டருக்கு மேல். முதல் தடவை போகிறவர் துணைக்கு அனுபவமுள்ள குழு இல்லாமல் இவற்றில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் யாத்திரைக்குத் திண்டுக்கல்லில் இருந்து தொடங்குங்கள். பழனி சுமார் 60 கிலோமீட்டர். நேர்ச் சாலை, வழி தவறாது. இடையில் ஒட்டன்சத்திரம் மாதிரி ஒரு பெரிய ஊர் இருக்கிறது. முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் பஸ் கிடைக்கும். சாலையோரமாக நடப்பவர்களுக்கென்று நடைபாதையும் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல் ரயில் சந்திப்பு என்பதால் எந்த ஊரில் இருந்தும் வந்து சேருவது எளிது.

"இவ்வளவு கொஞ்ச தூரமா?" என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். முருகன் கிலோமீட்டர் கணக்கு பார்ப்பதில்லை.

படி 2: எந்த நாளில் போய்ச் சேருவது

தைப்பூசத் திருவிழா பத்து நாள் நடக்கும். பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேற்றத்தோடு தொடங்கும். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத் தேரோட்டம். நடந்து வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி அந்தத் தேரோட்ட நாளைக் குறிவைத்துத்தான் வரும். 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறையும் ஆகிவிட்டதால் உள்ளூர்க் கூட்டமும் சேரும்.

புதியவர்கள் பூசத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னதாக மலையடிவாரத்தை எட்டுவது போலக் கணக்குப் போடுங்கள். அப்போதே வழியில் அன்னதானப் பந்தல்கள் வந்திருக்கும், மருத்துவ முகாம்கள் இருக்கும், கூடவே நடக்க ஆட்களும் இருப்பார்கள். ஆனால் மண்டபத்தில் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கும். கடைசி இரண்டு நாளில் அதுதான் இருக்காது. மார்கழியிலேயே போனால் சாலை அமைதியாக இருக்கும், ஆனால் சாப்பாடும் தங்கலும் முழுக்க உங்கள் பொறுப்பு. பங்குனி உத்திரத்துக்கு நடப்பதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; பங்குனித் தார்ச்சாலையில் பழகாத பாதம் தாங்காது.

படி 3: முந்தைய ஒரு மாதம்

மாலை போட்டு விரதம் தொடங்கும் நாளிலேயே நடைப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். தினமும் காலை ஒரு மணி நேரம், வார இறுதியில் ஒரு நாள் மூன்று மணி நேரம். வெறுங்காலோடு போவதாக நேர்ச்சை என்றால் பயிற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செருப்பைக் கழற்ற வேண்டும். நேர்ச்சையில் அப்படி எதுவும் இல்லை என்றால் நன்றாகப் பழகிய பழைய செருப்போ ஷூவோ போட்டு நடக்கலாம், தவறில்லை. யாத்திரைக்கென்று புதிதாக வாங்கியதைப் போட்டுப் போவது மட்டும் கூடாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெறுங்கால் நடையைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது.

படி 4: பையில் என்ன

தோள்பை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு செட் துணி (வேட்டி கட்டுபவர்கள் உள்ளே ஒட்டிய அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டால் தொடை உரசாது), மெல்லிய போர்வை, விரித்துப் படுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட், துண்டு, டார்ச், பவர் பேங்க், ஆதார் அட்டை, சில்லறை. மருந்துப் பையில் ஓஆர்எஸ் பாக்கெட், பஞ்சு, மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப், நீங்கள் வழக்கமாக எடுக்கும் மாத்திரை. தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில் கட்டாயம். பாதத்துக்கும் உரசும் இடங்களுக்கும் தினமும் இரவு தடவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் போதும், வழியெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம்.

தை மாத அதிகாலைப் பனி லேசானது அல்ல. காதை மறைக்கும் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் எதற்கு, பூசம் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது, நிலா வெளிச்சம் இருக்குமே என்று நினைக்கலாம். பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள் முன்னால் நிலா முன்னிரவில் பளிச்சென்று இருக்கும், விடியற்காலை மூன்று நான்கு மணிக்குள் மறைந்துவிடும். நாம் நடக்கும் நேரம் சரியாக அந்த இருட்டில் விழும். பையின் பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். போலீஸ்காரர்களே சில இடங்களில் ஒட்டிவிடுவார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம்.

படி 5: நான்கு காலைகள்

பழகியவர்கள் இந்த 60 கிலோமீட்டரை இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். நீங்கள் நான்கு காலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் நான்கு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நடை முடிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு நான்கு கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, எங்கேயாவது சூடாகிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கொப்புளம் வருமுன் அந்தச் சூடு தெரியும். அப்போதே டேப் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கொப்புளம் வந்தே விட்டால் குத்தி உடைக்காதீர்கள். சுத்தமாகத் துடைத்துப் பஞ்சு வைத்து மூடுங்கள்.

முதல் காலை: திண்டுக்கல் முதல் ரெட்டியார்சத்திரம், சுமார் 13 கிலோமீட்டர். வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன். முதல் நாள் உற்சாகத்தில் இன்னும் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். பாதம் எப்படி இருக்கிறது என்பது மறுநாள் காலை எழுந்து நின்றால்தான் தெரியும்.

இரண்டாம் காலை: ரெட்டியார்சத்திரம் முதல் ஒட்டன்சத்திரம், சுமார் 18 கிலோமீட்டர். இருப்பதிலேயே நீளமான நாள் இது. அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை ஊர், லாரிகள் அதிகம். ஊரை நெருங்கும்போது சாலை ஓரத்தை விட்டு விலகாதீர்கள்.

மூன்றாம் காலை: விருப்பாட்சி வழியாகச் சத்திரப்பட்டி, சுமார் 14 கிலோமீட்டர். வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரின் ஊர் இந்த விருப்பாட்சி. மலைவாழைப்பழத்துக்கும் பேர்போனது. ரெண்டு பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடங்கள், நல்ல தெம்பு.

நான்காம் காலை: ஆயக்குடி வழியாகப் பழனி, சுமார் 15 கிலோமீட்டர். மலை கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் வேகம் கூடும். முழங்கால் பிடித்துக்கொள்வதும் இங்கேதான், அதனால் அதே நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வாருங்கள். ஆயக்குடிக் கொய்யா சாலையோரம் குவித்து வைத்திருப்பார்கள்.

சாலை விதி ஒன்றுதான்: நடைபாதை இருக்கும் இடத்தில் நடைபாதை, இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வருகிற வலது ஓரம். பின்னால் இருந்து வரும் வண்டியை உங்களால் பார்க்க முடியாது. புறவழிச்சாலை பிரிகிற இடங்களில் ஊருக்குள் போகும் பழைய சாலையையே பிடியுங்கள். சாப்பாடு, கழிப்பறை, மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். காதில் ஹெட்போன் வேண்டாம். முருகன் பாட்டு கேட்பதாக இருந்தாலும் வேண்டாம்.

படி 6: தங்கல்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இந்த வழியில் அறை எடுத்துத் தங்க வசதியான ஊர்கள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி மூன்றும்தான். ரெட்டியார்சத்திரமும் சத்திரப்பட்டியும் சிறிய ஊர்கள். ஆகவே முதல் நாள் ரெட்டியார்சத்திரம் போய்ச் சேர்ந்ததும் பஸ் ஏறித் திண்டுக்கல் அறைக்கே திரும்பிவிடுங்கள். மறுநாள் விட்ட இடத்திலேயே இறங்கி நடையைத் தொடருங்கள். அதேபோல ஒட்டன்சத்திரத்தில் இரண்டு இரவுக்கு அறை எடுத்து, மூன்றாம் நாள் சத்திரப்பட்டியில் இருந்து திரும்பி வந்து படுங்கள். பை அறையிலேயே இருக்கும், தோளுக்கும் ஓய்வு. அதிகாலையில் எல்லா பஸ்ஸும் சிறிய ஊரில் நிற்காது, முந்தைய மாலையே ஒரு ஆட்டோ பேசி வைத்துவிடுங்கள்.

நடுவில் வண்டி ஏறினால் நேர்ச்சை என்னாவது என்று சிலருக்கு மனம் ஒப்பாது. நடக்க வேண்டிய தூரத்தில் ஒரு அடிகூடக் குறையவில்லை என்பது என் எண்ணம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் கூடாது என்றால் அதை மீற வேண்டாம், மண்டபத்தில் தங்கும் வழி இருக்கிறது.

மண்டபம் என்றால் கல்யாண மண்டபங்கள், சமுதாயக் கூடங்கள், அன்னதானப் பந்தலை ஒட்டிய கொட்டகைகள். சிலவற்றில் கட்டணம் இல்லை, சிலவற்றில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்விட்டால் சுவரோர இடம் கிடைக்கும். வாசலுக்கும் கழிப்பறை வழிக்கும் நேராகப் படுக்காதீர்கள், இரவெல்லாம் ஆள் நடமாட்டம். கைபேசியையும் பணத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு படுங்கள். படுக்கும்போது பையைக் காலுக்கடியில் வைத்துப் பாதத்தை உயர்த்திக்கொண்டால் வீக்கம் குறையும்.

குழுவாகப் போனால் சாமான் வண்டியில் இருவரை முன்னதாக அனுப்பி இடம் பிடித்து, சமையலும் அங்கேயே செய்துகொள்வது நல்ல ஏற்பாடு. குருசாமி ஒருவர் இருந்தால் இதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார், நீங்கள் அவர் சொல்கிறபடி நடந்தால் போதும்.

பெண்களுக்கு இந்த வழியில் உண்மையான சிரமம் கழிப்பறைதான். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கிவிழுபவர்கள் உண்டு. சாலையோரப் பெட்ரோல் பங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முந்தைய நாளே கைபேசி வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விடியுமுன் நடக்கும் நேரத்தில் குழுவை விட்டுத் தனியாகப் பின்தங்காதீர்கள்.

பழனியில் தேவஸ்தான விடுதிகள் உண்டு, தண்டபாணி நிலையம் அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. கோயில் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யலாம். திருவிழா நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும், தேதி முடிவானதும் பதிந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அன்னதானத்தில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாமல், ஆனால் பாதி அளவாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பந்தலிலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடக்க முடியாது. இலையையும் டம்ளரையும் சாலையோரம் வீசாமல் தொட்டியில் போடுங்கள். அந்த ஊர்க்காரர்கள்தான் மறுநாள் கூட்டி அள்ளுகிறார்கள்.

படி 7: மலையடிவாரம் வந்த பிறகு

உடனே மலை ஏறாதீர்கள். அறைக்குப் போய்க் குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். அப்புறம் அடிவாரத்தில் திருஆவினன்குடி கோயிலில் கும்பிட்டுவிட்டு, கிரிவலம் வந்து, மாலையில் ஏறலாம். கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நிம்மதியாக நடக்கலாம்.

படி வழியில் 693 படிகள். நடந்து வந்த முழங்காலுக்கு யானைப்பாதை நல்லது, சரிவாக ஏறும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும், ஆகவே இறங்க மட்டுமாவது விஞ்ச் என்கிற இழுவை ரயிலையோ ரோப்காரையோ பாருங்கள். கூட்ட நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றியிருப்பார்கள், காவலர்கள் சொல்லும் வழியில் போங்கள். 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. அறையிலேயே வைத்துவிட்டுப் போவது மேல். குழுவாகப் போனால் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மலைமேல் அன்னதானமும் உண்டு.

தரிசனம் முடிந்த அன்றே ஊர் திரும்ப அவசரப்படாதீர்கள், ஒரு இரவு பழனியில் தங்குங்கள். மறுநாள் திண்டுக்கல், மதுரைப் பக்கம் போக ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. நீங்களே பைக்கோ காரோ ஓட்டிக்கொண்டு திரும்புவதாக மட்டும் ஏற்பாடு செய்துகொள்ளாதீர்கள். நான்கு நாள் நடந்த காலுக்கு பிரேக் மிதிக்கும் வேகம் இருக்காது.