ஷார்ட் ஃபிலிமுக்கு ஓபனிங் எப்படி அமைக்கிறது

நெறைய பேர் படத்தை எடுத்து முடிச்சிட்டு எடிட்ல உக்காந்துதான் டைட்டில் எங்க போடலாம்னு யோசிக்கிறாங்க, அப்போ அதுக்குன்னு ஷாட்டே இருக்காது, நடிகர் மூஞ்சி மேலயே எழுத்து வந்து விழும். அதனால எந்த ஷாட் மேல பேர் ஓடணும்னு ஸ்கிரிப்ட்லயே எழுதிருங்க, ஃப்ரேம்ல ஒரு பக்கம் காலியா விட்டு, தேவைக்கு மேல பத்து செகண்ட் ஓடவிட்டு எடுங்க.

பேர் போடுற ஆர்டர் பெருசா ஒண்ணுமில்ல. கம்பெனி லோகோ, முக்கிய நடிகர்கள், படத்தோட பேரு, மத்த நடிகர்கள், டெக்னீஷியன்ஸ், தயாரிப்பாளர், எழுத்து, கடைசியா டைரக்டர். அந்தக் கடைசி கார்டு (ஸ்கிரீன்ல பேர் வந்து நிக்கிற எழுத்தைத்தான் கார்டுங்கறோம்) போனா கதை ஆரம்பிச்சிடும்னு ஆடியன்ஸுக்கு பழகிப்போச்சு. ஹாலிவுட்ல இதுக்கு டைரக்டர்கள் சங்கத்தோட ரூலே உண்டு. 1980ல வந்த 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துல டைரக்டர் பேரை ஆரம்பத்துல போடலைன்னு ஃபைன் போட்டாங்க, கடுப்பாகி, அந்தப் படத்தை உருவாக்குன ஜார்ஜ் லூகாஸ் சங்கத்தை விட்டே வெளிய வந்துட்டாரு. நமக்கு அந்தத் தொல்லை இல்ல, டைட்டிலும் டைரக்டர் பேரும் மட்டும் முன்னாடி போட்டு மத்ததை கடைசிக்கு தள்ளிடலாம்.

ஒரு கார்டு 3 செகண்டாவது நிக்கணும், 24 ஃப்ரேம் கணக்குல 72 ஃப்ரேம். எழுத்து ஓரத்துல ஒட்டாம ஃப்ரேம்ல நாலு பக்கமும் 10% காலியா விட்டுடுங்க.

இப்போ முக்கியமான விஷயம், முதல் ஷாட். அலாரம் அடிச்சு ஹீரோ எந்திரிச்சு பல்லு வெளக்குறது தயவுசெஞ்சு வேணாம், அதுல பாக்குறவனுக்கு கேக்க ஒரு கேள்வியும் இல்ல. இப்படி வச்சுப் பாருங்க: ஸ்கிரீன் கருப்பு, மேஜை மேல போன் வைப்ரேட் ஆகுற சத்தம் மட்டும், அது மேலயே பேர் போட்ட ரெண்டு கார்டு. அப்புறம் போன் க்ளோசப், பதினாலு மிஸ்டு கால், பக்கத்துலயே ஒரு கை இருக்கு ஆனா எடுக்க மாட்டேங்குது. போன் நிக்குது, திரும்ப அடிக்குது, கை போனை மெதுவா கவுத்துப் போடுது, அங்க கட் பண்ணி டைட்டில். மூஞ்சிய இன்னும் காட்டவே இல்ல, ஆனா யாரு கூப்புடுறா, இவன் ஏன் எடுக்கலைன்னு பாக்குறவன் கதைக்குள்ள வந்துட்டான்.

பேர் ஓடும்போது முக்கியமான டயலாக் வைக்காதீங்க, கண்ணு எழுத்துல இருந்தா காதுல பாதிதான் ஏறும். ட்ரோன் ஷாட்டும் அந்த இடம் கதைக்கு வேணும்னா மட்டும், ட்ரோன் கையில இருக்குங்கறதுக்காக இல்ல. பத்து நிமிஷப் படத்துக்கு இது எல்லாம் சேர்த்து 40 செகண்டுக்குள்ள முடியணும், தாண்டுச்சுன்னா லோகோ அனிமேஷன்ல கை வைங்க, அதான் எப்பவும் நீளமா இருக்கும்.