அசல் கமோடோர் 64-இல் இன்றைய ரசிகர் கேம்களை ஓட்டுவது எப்படி

1982-இல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டரான கமோடோர் 64-க்கு இன்னும் புதுப்புது கேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2017-இல் வந்த சாம்ஸ் ஜர்னி, 2021 கடைசியில் ரசிகர் ஒருவர் கொண்டுவந்த சோனிக் போர்ட் (வேறு மெஷினின் கேமை இதில் ஓடும்படி மாற்றியது) என்று பலவும் அந்தப் பழைய மெஷினில் இப்படியெல்லாம் முடியுமா என்று வியக்க வைப்பவை. எமுலேட்டரில் (பழைய மெஷினைப் போல நடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமில்) அழகாக ஓடுகிற கேம் அசல் மெஷினில் நின்றுபோனால், "பழசு, போயிடுச்சு" என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். கேம் எதிர்பார்க்கிற டிவி முறையோ, டிரைவோ, கூடுதல் மெமரியோ உங்களிடம் இல்லாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். டவுன்லோடு செய்யும் முன்பே இதைச் சரிபார்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால் பவர் அடாப்டர். பிசின் ஊற்றி அடைத்த அந்தப் பழைய கறுப்புப் பெட்டியை அப்படியே சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வயதானால் 5 வோல்ட்டுக்குப் பதில் அதிக வோல்ட் விடும். முதலில் சாவது மெமரி சிப். மெஷினில் சொருகாமல், பிளக்கின் 5-ஆம் எண் பின்னுக்கும் 2-ஆம் எண் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து டிசி பாருங்கள். 4.8-இலிருந்து 5.2 வரை இருக்கலாம். 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். 6-க்கும் 7-க்கும் இடையே சுமார் 9 வோல்ட் ஏசி வர வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் நிம்மதி வேண்டாம். சூடேறிய பிறகு கெடும் அடாப்டர்கள் உண்டு. புதிதாகத் தயாரித்த அடாப்டர் வாங்குவதே எங்கள் அழுத்தமான பரிந்துரை. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் சொருகவே கூடாது.

ஆன் செய்ததும் நீலத்திரையில் 38911 பைட் காலியாக இருப்பதாக வர வேண்டும். கார்ட்ரிட்ஜ் எதுவும் இல்லாமலே எண் குறைந்திருந்தால் மெமரி சிப் பழுது. அதைச் சரிசெய்யாமல் கேம் பக்கம் போவதில் பயனில்லை.

அடுத்து, மெஷின் எந்த டிவி முறைக்கானது என்று பாருங்கள்: ஐரோப்பாவின் பாலா, அமெரிக்காவின் என்டிஎஸ்சியா? (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம், கீபோர்டில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

பிரிண்ட் பீக்(678)

1 வந்தால் பால், 0 வந்தால் என்டிஎஸ்சி. ஐரோப்பாவில் எழுதப்படும் கேம்கள் பாலை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பாலில் ஒரு ஃபிரேமுக்கு 312 வரி, வரிக்கு 63 சைக்கிள் (செயலியின் துடிப்பு), மொத்தம் 19,656. என்டிஎஸ்சியில் 263 வரி, வரிக்கு 65 சைக்கிள், மொத்தம் 17,095. கடைசிச் சைக்கிள் வரை கணக்குப்போட்டு எழுதிய கேமுக்கு என்டிஎஸ்சியில் சுமார் 2,500 சைக்கிள் துண்டு விழுகிறது. உருவங்கள் மினுக்கும், சில கேம்கள் அப்படியே உறைந்துவிடும். இசை சுமார் 20 சதவீதம் வேகமாக ஓடினால் அதற்கும் இதுதான் காரணம். டவுன்லோடு பக்கத்தில் "என்டிஎஸ்சி சரிசெய்யப்பட்டது" என்று இல்லாவிட்டால் என்டிஎஸ்சி மெஷினில் அது ஓடும் என்று நம்ப வேண்டாம்.

கேமை உள்ளே கொண்டுபோக மலிவான வழி எஸ்டி2ஐஇசி, அதாவது டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டைப் படிக்கும் சிறு கருவி. சீரியல் போர்ட்டில் ஒரு கேபிள், கேசட் போர்ட்டிலிருந்து 5 வோல்ட், ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த எஸ்டி கார்டு, அவ்வளவுதான். டி64 ஃபைலை (ஒரு முழு டிஸ்கின் நகல், அதாவது இமேஜ்) கார்டில் போட்டு, மெஷினில் இப்படித் தட்டுங்கள்:

ஓப்பன் 1,8,15,"சிடி:கேம்.டி64":குளோஸ் 1
லோட் "*",8,1
ரன்

இமேஜை விட்டு வெளியே வர, ஃபைல் பெயருக்குப் பதில் கீபோர்டின் இடது மேல் மூலையில் இருக்கும் இடது அம்புக்குறியைப் போடுங்கள். இரண்டு டிஸ்க் கேட்கிற கேம் என்றால், இமேஜ்களின் பெயரை வரிசையாக எழுதி ஆட்டோஸ்வாப்.எல்எஸ்டி என்ற ஃபைலாகக் கார்டில் வையுங்கள். பிறகு எஸ்டி2ஐஇசியின் பட்டனை அழுத்தினாலே டிஸ்க் மாறும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். கமோடோரின் 1541 டிரைவ் வெறும் டிரைவ் இல்லை, உள்ளே தனிச் செயலியோடு இயங்கும் இன்னொரு கம்ப்யூட்டர். சாதாரண லோடிங் நொடிக்கு 400 பைட்கூட எட்டாது என்பதால், பல கேம்கள் தங்கள் சொந்த வேக லோடரை டிரைவின் மெமரிக்குள் அனுப்பி அங்கேயே ஓட்டுகின்றன. எஸ்டி2ஐஇசி அந்தச் செயலியைப் போலச் செய்வதில்லை. ஒருசில லோடர்களை மட்டும் அடையாளம் கண்டு சமாளிக்கும். அதனால்தான் தலைப்புப் படம் வந்து, அடுத்த கட்டம் லோட் ஆகும்போது கேம் தொங்கும். ஒரே ஃபைலாக வரும் கேம்களுக்கு எஸ்டி2ஐஇசி தாராளமாகப் போதும். நடுநடுவே டிஸ்கிலிருந்து படிக்கிற கேம்களுக்கு 1541-ஐ அப்படியே போலச் செய்யும் பை1541 (ராஸ்பெரி பை 3 என்ற சிறு கம்ப்யூட்டரோடு, வோல்ட்டைப் பொருத்தும் லெவல் ஷிஃப்டர் போர்டு) அல்லது அல்டிமேட் 2 பிளஸ் கார்ட்ரிட்ஜ், அல்லது அசல் 1541 வேண்டும்.

அவை இருந்தும் தொங்கினால், சீரியல் கேபிளில் வேறு என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது டிரைவோ பிரிண்டரோ ஆன் ஆகி இருந்தால் பல வேக லோடர்கள் குழம்பும். ஒரே டிரைவை எண் 8-ஆக வைத்து, மற்றதையெல்லாம் கழற்றுங்கள். ஃபைனல் கார்ட்ரிட்ஜ், ஆக்‌ஷன் ரீப்ளே போன்ற துணைக் கார்ட்ரிட்ஜ்களையும் எடுத்துவிடுங்கள், ஆனால் பவரை அணைத்த பிறகுதான். ஓடும் மெஷினில் கார்ட்ரிட்ஜைப் பிடுங்கினால் சிப் போகும்.

அசல் டிஸ்கில் எழுத விரும்பினால் 5.25 அங்குல டபுள் டென்சிட்டி டிஸ்க் வாங்குங்கள். 1.2 மெகாபைட் ஹை டென்சிட்டி டிஸ்கின் காந்தப் பூச்சு வேறு, எழுதியது நிற்காது. ஜூம்ஃப்ளாப்பி என்ற யுஎஸ்பி இணைப்புக் கருவி மூலம் இன்றைய கம்ப்யூட்டரிலிருந்து நேராக 1541-க்கு எழுதலாம்.

கூடுதல் மெமரி பல கேம்களுக்குத் தேவையில்லை. சோனிக் போர்ட்டுக்கு 256 கிலோபைட் ரியூ (கூடுதல் மெமரி கார்ட்ரிட்ஜ்) கட்டாயம். இடம் போதாமை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. திரை நகரும்போது நிற மெமரியின் 1,000 பைட்டையும் ஒரே ஃபிரேமுக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கு இரட்டைப் பிரதி வைக்க வழியில்லை. செயலி ஒரு பைட்டை எடுத்து வைக்கவே 8 சைக்கிள் ஆகும். ரியூவோ ஒரு சைக்கிளில் ஒரு பைட் நகர்த்தும். அல்டிமேட் 2 பிளஸ் இருந்தால் அதன் அமைப்புகளில் ரியூவை ஆன் செய்து, அளவை 512 கிலோபைட் என வையுங்கள். கமோடோரின் அசல் ரியூவான 1764 வைத்திருப்பவர்கள் அதனோடு வந்ததைப் போன்ற கூடுதல் திறன் கொண்ட அடாப்டர் போட வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கை 2-ஆம் போர்ட்டில் சொருகுங்கள். பெரும்பாலான கேம்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். 1-ஆம் போர்ட் கீபோர்டோடு கம்பியைப் பகிர்வதால், ஆட்டினாலே திரையில் எழுத்து விழும். சேகா மெகா டிரைவ் பேட் அதே 9 பின் பிளக்கில் பொருந்தும், ஆனால் வயரிங் வேறு. அடாப்டர் இல்லாமல் சொருகினால் சிஐஏ சிப் (கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் படிக்கும் சிப்) சேதமாகலாம்.

ஸ்கோரையோ முன்னேற்றத்தையோ கேம் சேமிக்கும்போது டி64 ஃபைலுக்குள்ளேயே எழுதும். விளையாடுவதற்கு ஒரு பிரதி, பத்திரத்துக்கு ஒரு பிரதி என்று வையுங்கள். எழுதும் லைட் அணையும் வரை பவர் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.