அயல்மொழிக் கல்வி: நாடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த நாட்டில் பிள்ளைகள் எத்தனை மொழி படிக்கிறார்கள் என்று அட்டவணை போடுவது எளிது. அதை அப்படியே நம்பி, "அவர்கள் செய்கிறார்கள், நாமும் செய்வோம்" என்று கிளம்பும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் தடுக்கி விழுவது 'அயல்மொழி' என்ற சொல்லிலேயே. லக்சம்பர்க்கில் பிரெஞ்சும் ஜெர்மனும் ஆட்சிமொழிகள். ஆனாலும் ஐரோப்பியக் கல்விப் புள்ளிவிவரத்தில் அவை அயல்மொழிக் கணக்கில் சேர்கின்றன. அயர்லாந்துப் பிள்ளை ஆங்கிலத்தோடு ஐரிஷ் மொழியையும் ஆண்டுக்கணக்கில் படிக்கிறது, ஆனால் அது அயல்மொழிக் கணக்கில் வராது. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் முதல் நாடு எங்கோ முன்னால் நிற்பதாகத் தோன்றும்.

இதைவிடப் பெரிய தவறு, தேர்வு முடிவை வைத்துக் கொள்கையை எடைபோடுவது. 2011-இல் ஐரோப்பாவின் 14 நாடுகளில் பள்ளி மாணவர்களின் மொழித்திறனைச் சோதித்தார்கள். முதல் அயல்மொழியைத் துணையின்றிக் கையாளும் அளவை எட்டியவர்கள் ஸ்வீடனில் 82 சதவீதம், இங்கிலாந்தில் 9 சதவீதம். இங்கிலாந்துப் பள்ளிகள் படுமோசம் என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஸ்வீடனில் சோதித்தது ஆங்கிலத்தை, இங்கிலாந்தில் பிரெஞ்சை. ஸ்வீடன் பிள்ளைக்கு ஆங்கிலம் வகுப்பறையோடு நிற்பதில்லை. தொலைக்காட்சியில் ஆங்கில நிகழ்ச்சிகள் குரல் மாற்றாமல், திரையின் கீழே மொழிபெயர்ப்பு வரிகளோடுதான் வருகின்றன. இங்கிலாந்துப் பிள்ளைக்கு மணி அடித்ததும் பிரெஞ்சு முடிந்துவிடுகிறது. அதற்காக, ஆங்கிலம் என்றாலே தானாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சில் சோதித்ததும் ஆங்கிலம்தான், அங்கே கிடைத்தது 14 சதவீதம். பள்ளிக்கு வெளியே அந்த மொழி எவ்வளவு காதில் விழுகிறது என்பதைக் கேட்காத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

தொடங்கும் வயதும் அப்படித்தான். ஜப்பான் 2011-இல் ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனால் அன்று அது மதிப்பெண் இல்லாத 'செயல்பாடு', ஆண்டுக்கு 35 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். கூட்டினால் ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 26 மணி நேரம்தான்! 2020-இல்தான் அது 70 பாடவேளை கொண்ட முறையான பாடமானது. எனவே எந்த வயதில் என்று கேட்டால் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கற்பிப்பவர் யார், வகுப்பாசிரியரா, அந்த மொழியில் பயிற்சி பெற்றவரா என்பதையும்தான்.

கடைசியாக, 'பிரிட்டனில்' என்று தொடங்கும் வாக்கியங்கள். இங்கிலாந்தில் 2004 முதல் 14 வயதுக்குப் பிறகு அயல்மொழி கட்டாயமில்லை. ஸ்காட்லாந்தோ 2012-இல், தாய்மொழியோடு இன்னும் இரண்டு மொழி என்ற கொள்கையைக் கையில் எடுத்தது. அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் முடிவு மாநில அளவிலோ அதற்கும் கீழேயோ எடுக்கப்படுகிறது. நாட்டின் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்பதையும் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.