குறுவைக்கு ஒற்றை நாற்று: எங்கள் களிமண்ணில் செய்யும் முறை

குத்துக்கு ஒரே நெல் நாற்றாக, இடைவெளி விட்டு நடும் ஒற்றை நாற்று நடவைப் பற்றி யாராவது விசாரித்தால் நான் முதலில் கேட்பது, "உங்கள் வயலில் நினைத்த நேரத்தில் தண்ணீரை வடிக்க முடியுமா?" என்பதைத்தான். கேட்கிறவர்கள் விதை அளவையும் நாற்றின் வயதையும் குறித்துக்கொள்ளப் பேனாவோடு வந்திருப்பார்கள். நடவு ஒரு நாளில் முடிந்துவிடும். தண்ணீரோடு மல்லுக்கட்டுவது அறுப்பு வரைக்கும் உள்ள வேலை. இந்த முறையைத் தொடங்கிக் கைவிட்டவர்களில் நான் பார்த்த பலர், நாற்றைச் சரியாக நட்டுவிட்டு வழக்கம்போல வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்தவர்கள்.

எனக்குக் காவிரி டெல்டாவில் வலங்கைமான் பக்கம் மூன்று ஏக்கர். களிமண், ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), பக்கத்தில் பாசன வாய்க்கால். இங்கே சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட நிலத்துக்கும், ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலக் குறுவைப் பட்டத்துக்கும் பொருந்தும். குறுவை அறுத்த பிறகு மழைக்காலத்தில் வைக்கும் தாளடிக்கு இதைச் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளக்காலில் 14 நாள் நாற்றை நட்டால், மறுநாள் காலையில் நாற்றும் தெரியாது, வரப்பும் தெரியாது. குறுவையில் மழை குறைவு என்பதுதான் நமக்கு வசதி. ஆனால் அதே குறுவையில்தான் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2024-இல் அந்தத் தேதி வந்தது, தண்ணீர் வரவில்லை. போரை நம்பிக் குறுவை வைக்கிறவருக்கு ஒவ்வொரு அங்குலத் தண்ணீரும் மோட்டார் ஓடும் நேரக் கணக்குதான்.

இந்த முறை மடகாஸ்கரில் பிறந்தது. ஹென்றி த லாலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் அங்குள்ள குடியானவர்களோடு சேர்ந்து வயலில் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதை இங்குள்ள மண்ணுக்கு ஏற்றபடி மாற்றி, 'திருந்திய நெல் சாகுபடி' என்று பரப்பியது. இனி வயலுக்கு வருவோம்.

நிலம்

சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்தவுடன் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதையுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. 40, 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்' என்று ஆசைப்பட்டு விட்டால் தண்டு கட்டையாகிவிடும். மட்காத குச்சிகள் பின்னால் களைக்கருவியில் சிக்கிப் படுத்தும். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு எட்டுப் பத்து டன் தழை தரும். இவ்வளவு எருவை வண்டி வைத்து வாங்கி அடிக்கிற வசதி எனக்கு இல்லை. மடக்கி உழுதபின் ஒரு வாரமாவது தண்ணீரில் மட்கவிட்டு, அதன் பிறகு சேடை (சேற்றுழவு) ஓட்டுங்கள்.

அடுத்தது சமன்படுத்துவது. காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். பரம்படித்த (பலகை இழுத்து மட்டமாக்கிய) பிறகு வயலில் மெல்லிசாகத் தண்ணீர் விட்டு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வரப்பில் நின்று பாருங்கள். மேடெல்லாம் மொட்டை மொட்டையாகத் தலைகாட்டும். அந்த மண்ணை இழுத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளங்கை உயரத்துக்கு ஏற்ற இறக்கம் இருந்தால்கூட மேட்டில் களை, பள்ளத்தில் அழுகல் என்று ஒரே வயலில் இரண்டு வைத்தியம் பார்க்க நேரும். வரப்பை ஒட்டி உட்புறமாக ஒரு சாண் அகலத்துக்கு வடிகால் எடுத்து, தண்ணீர் வெளியேறும் வெளிமடையோடு சேர்த்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் பெரிய சிக்கல் வேறொன்று. இங்கே வயலுக்கு வயல் பாய்ச்சல். மேல் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் என் வயல் வழியாகத்தான் கீழ் வயலுக்குப் போகும். நான் காயவிட்டிருக்கும் நாளில் மேல் வயல்காரர் மடையைத் திறந்தால் என் திட்டமெல்லாம் முழுகிவிடும். இதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். மேல் வயல்காரர் எனக்குச் சித்தப்பா முறை. "சித்தப்பா, என் பக்கத்து வரப்போரமாக முக்கால் அடி நானே விடுகிறேன். உங்கள் தண்ணீர் அந்த வழியாகப் போகட்டும், என் வயலுக்குள் வேண்டாம்" என்றேன். "தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். வரப்போரத்து வாய்க்காலுக்குப் போன இடம் நஷ்டமில்லை. அது இல்லாமல் இந்த முறையே இல்லை.

விதையும் நாற்றங்காலும்

ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். வழக்கமான நடவுக்கு 30 கிலோ விட்டுப் பழகிய கைக்கு இது நம்ப முடியாததுதான். ஆடுதுறை 43, கோ 51 போன்ற 110 நாளுக்குள் முடியும் ரகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த விதை என்பதால் ஒவ்வொன்றும் தேற வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போடுங்கள், மூழ்கிக் கிடக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் முட்டை எழும்பி, பழைய நாலணாக் காசு அளவுக்கு மேல்பக்கம் வெளியே தெரியும்படி மிதக்கும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அரித்துக் கோழிக்குப் போடுங்கள். மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறல், ஒரு நாள் முளைகட்ட மூட்டம். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தால் விதைத்துவிடலாம்.

நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் போதும். மட்டமான இடத்தில் 300 கேஜ் பாலித்தீன் தாளை விரித்து, 1 மீட்டருக்கு அரை மீட்டர் மரச்சட்டத்தை வைத்து, அதில் 4 செ.மீ. உயரத்துக்கு மண் நிரப்புங்கள். ஏழு பங்கு சலித்த வயல் மண், இரண்டு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு உமி. சதுர மீட்டருக்கு 75 கிராம் வீதம் முளைகட்டிய விதையைத் தூவி, மேலே மெல்லிசாகப் பொடிமண் போட்டு மூடி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து நாள் வரை தென்னங்கீற்று மூடாக்கு. இல்லையென்றால் சிட்டுக்குருவிக்கு விருந்துதான். ஒன்பதாம் நாள் நாற்று வெளிறித் தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம்.

14-ஆம் நாள் மூன்று இலை வந்திருக்கும். வேர்கள் பின்னிக்கொண்டு நாற்று பாயாகவே எழும்பி வரும். வேரை அறுத்துப் பிடுங்கும் வேலையே இல்லை.

நடவு

முதல் முறை நடவுக்கு வந்த பெண்கள் நாற்றுத் தட்டைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "அக்கா, இதை நடுவதா, கோலம் போடுவதா?" என்று கேட்டாள் ஒருத்தி. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி வருகிறவர்களுக்கு, பழகாத வேலை என்றால் கூலி நட்டம். முதல் வருடம் ஒப்பந்தம் வேண்டாம், நாள் கூலியாகப் பேசுங்கள். மெதுவாக நட்டாலும் அவர்களுக்குக் குறை வராது, உங்களுக்கும் நடவு கெடாது. ஒரு பட்டம் பழகிவிட்டால் நாற்றுமுடி சுமக்கிற பாரம் இல்லாததால் அவர்களே இதைத்தான் விரும்புகிறார்கள்.

நடவன்று வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. சேறு மினுமினுப்பாக இருந்தால் போதும். உருளை மார்க்கரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் 25 செ.மீ. கட்டங்கள் விழும். கோடு வெட்டும் இடத்தில் ஒரு நாற்று. சதுர மீட்டருக்கு 16 குத்து வரும். மார்க்கர் கிடைக்காவிட்டால் 25 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு போதும்.

நாற்றைப் பிடிக்கும் விதத்தை ஒருமுறை நீங்களே நட்டுக் காட்டுங்கள். பாயிலிருந்து கிள்ளும்போது விதையும் மண்ணும் வேரோடு ஒட்டி வர வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, சேற்றின் மேல்பரப்பில் பக்கவாட்டில் நகர்த்தி வையுங்கள். மேலிருந்து குத்தினால் வேர் நுனி மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். அது நிமிர்ந்து கீழே திரும்பவே ஒரு வாரம் ஆகிவிடும். ஆழம் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பாயிலிருந்து எடுத்த நாற்று அரை மணி நேரத்துக்குள் சேற்றில் இருக்க வேண்டும். நாற்றைத் தட்டில் வைத்து வெயிலில் காயவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். வயலின் ஒரு மூலையில் கொஞ்சம் நாற்றை நெருக்கி ஊன்றி வையுங்கள், பத்து நாளுக்குள் போக்கிடம் (நாற்று செத்துப்போன இடம்) நிரப்ப உதவும்.

முதல் இரண்டு வாரம் வயலைப் பார்க்கவே சகிக்காது. "இது நட்ட வயலா, விட்ட வயலா?" என்று வழியில் போகிறவர்கள் கேட்பார்கள். வீட்டிலும் கேட்பார்கள். பொறுத்திருங்கள். 40 நாளில் ஒரே நாற்று 25, 30 தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) வெடித்துக் கட்டத்தை மூடிவிடும்.

நடவு ஆள் கிடைக்கவே இல்லையென்றால் இதே பாய் நாற்றை இயந்திரத்திலும் நடலாம். ஆனால் வரிசைக்குள் நெருக்கமாக விழும் என்பதால் களைக்கருவியை ஒரு திசையில்தான் ஓட்ட முடியும்.

களை

தண்ணீர் நிற்காத வயலில் களை வரும். கோரையும் குதிரைவாலியும் நம்மைவிட முந்திக்கொள்ளும். நட்ட பத்தாம் நாள் கோனோவீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியை இறக்குங்கள். பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை, 40-ஆம் நாள் வரை, குறுக்கும் நெடுக்குமாக. முதல் நாள் மாலை 2 செ.மீ. தண்ணீர் கட்டிவிட்டு மறுநாள் ஓட்டினால் கருவி வழுக்கிப் போகும். காய்ந்த களிமண்ணில் ஓட்டினால் தோள் கழன்றுவிடும். களை சேற்றுக்குள்ளேயே அமுங்கி உரமாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், மண்ணுக்குள் காற்று போவது. முதல் ஓட்டில் கருவியின் பின்னால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறுவதைக் காணலாம். அதற்கப்புறம் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள்: வெள்ளை வேர் இருந்தால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள். பழுப்பும் கறுப்புமாக முட்டை நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம் நின்றிருக்கிறது, உடனே வடியுங்கள்.

கோனோவீடர் பெண்களுக்குப் பாரமான கருவி என்பதைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பெட்ரோலில் ஓடும் களைக்கருவி வாடகைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

தண்ணீர்

முதல் பத்து நாள் மண் ஈரம் காயாமல் பாருங்கள், அவ்வளவுதான். பிறகு காய்ச்சலும் பாய்ச்சலும். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்தவுடன் 2.5 செ.மீ. தண்ணீர் கட்டுங்கள். விரல் நுழையும் வெடிப்பு வரை விட்டுவிட்டால் களிமண்ணில் வேர் அறுபடும்; விடுகிற தண்ணீரும் வெடிப்பு வழியாகவே இறங்கிவிடும்.

கண்ணளவு பழகும் வரை குழாய் வையுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, மேல்பாதி வெளியே நிற்கும்படி வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் அழுத்தி ஊன்றி, உள்ளே இருக்கும் மண்ணை வழித்து எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தெரியும் தண்ணீர்தான் வேருக்கு எட்டும் தண்ணீர். மேலே மண் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கும். அது 15 செ.மீ. கீழே இறங்கியபின் மோட்டாரைப் போட்டால் போதும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கெல்லாம் வயலுக்கு ஓடும் பழக்கம் இதனால் எனக்கு விட்டுப்போனது.

தொண்டைக்கதிர் (கதிர் உறைக்குள் திரளும் நேரம்) தொடங்கிப் பூ முடியும் வரை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும்.

நீர் தேங்காத வயலில் மீத்தேன் (பூமியைச் சூடாக்கும் வாயு) குறைகிறது என்பது உண்மை. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை உண்டாக்குகின்றன. அதற்குக் கார்பன் பணம் தருவதாகச் சிலர் ஊருக்குள் வந்து ஆதார் நகல் கேட்கிறார்கள். கைக்கு வந்தபின் பேசிக்கொள்ளலாம். எனக்கு இப்போதைக்கு மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததே லாபம்.

உரமும் பூச்சியும்

நான் முழு இயற்கை விவசாயி இல்லை. யூரியா போடுகிறேன், ஆனால் இலை வண்ண அட்டையை (பச்சை நிறங்களை எண்ணிட்டு அச்சிட்ட அட்டை) கேட்டுத்தான். நட்ட இரண்டு வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் போடுங்கள். கருகருவென்று பச்சை ஏறிய வயலைத்தான் புகையான் பூச்சி தேடி வரும்.

வரப்பில் உளுந்து ஊன்றினால் கெட்ட பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் குளவியும் தங்கும். ஏக்கருக்கு இருபது பறவைத் தாங்கி (பறவை உட்காரும் குச்சி) நடுங்கள். குருத்துப்பூச்சிக்கு 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் (பூச்சியின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி) அட்டை, ஏக்கருக்கு 2 சி.சி. அளவு. மருந்தடித்துவிட்டு அட்டை கட்டாதீர்கள், இரண்டும் வீண். இலைச்சுருட்டுப் புழு தெரிந்தால் 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டி 200 லிட்டராக்கி அடித்தால் ஒரு ஏக்கருக்கு ஆகும்.

அறுப்பு

கதிர் முக்கால்வாசி மஞ்சள் தட்டியதும், அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வடிமடையைத் திறந்துவிடுங்கள். வயல் இறுகினால் டயர் இயந்திரம் இறங்கும். ஈரம் இருந்தால் பெல்ட் இயந்திரம்தான், மணிக்கு வாடகை கூடுதல். குறுவை அறுப்பு மழை நாளில் மாட்டும் என்பதால், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். தார்ப்பாயும் உலர்த்தக் களமும் இயந்திரத்தைக் கூப்பிடும் முன்பே ஏற்பாடாகி இருக்கட்டும்.

முதல் வருடம் ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் மட்டும் போடுங்கள், அதுவும் வெளிமடைக்குப் பக்கத்து வயலாகப் பார்த்து.