ஜன்னலுக்கு ஒரு பெயர்

டர்பனில் நம்மவர்கள் பலர் பூட்டன், பாட்டியின் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல், கப்பல் கப்பலாகப் பயணிகள் பட்டியல்கள். கூடவே ஊர் வரைபடம், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை) விண்ணப்பம். சீக்கிரமே திரை முழுக்க டேப்தான். எது எங்கே என்று தெரியாது.

குரோம் பிரவுசரில் ஒவ்வொரு வேலைக்கும் தனி விண்டோ திறந்து, அதற்குப் பெயர் வையுங்கள். மேலே டேப் வரிசையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்தால் ‘நேம் விண்டோ’ என்று வரும். மூன்று புள்ளி மெனுவில் ‘மோர் டூல்ஸ்’ உள்ளேயும் இருக்கிறது. ‘கப்பல் பட்டியல்’, ‘ஊர் தேடல்’ என்று தமிழிலேயே எழுதலாம். பெயர் விண்டோவின் மேல் தெரியாது. ஆல்ட்+டேப் அழுத்தும்போதும், டாஸ்க்பாரில் மவுஸை வைக்கும்போதும்தான் தெரியும். அது போதும், தேவைப்படும் இடமே அதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு டேப் தவறான விண்டோவில் திறந்துவிட்டால், அதை ரைட் கிளிக் செய்து ‘மூவ் டேப் டு அனதர் விண்டோ’வுக்குப் போங்கள். நீங்கள் வைத்த பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும்.

ஒரே விண்டோவுக்குள் பிரிக்க டேப் குரூப் இருக்கிறது. பெயரும் நிறமும் கொடுத்து, கப்பலுக்கு ஒரு குரூப் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம், செட்டிங்ஸில் ‘ஆன் ஸ்டார்ட்அப்’ பகுதியில் ‘கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்வெட்டு வந்தாலும் தேடல் தொலையாது.