பிடித்ததையே பிழைப்பாக்கும் முன்

"இவ்வளவு அழகாகச் செய்கிறாயே, இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன?" கேட்பவர்களுக்கு இதில் ஒரு செலவும் இல்லை. பூத்தையல் போட்டுச் சம்பாதிக்கிறவள் என்பதால், அப்படி யாரோ கேட்டுக் குழம்பிப்போனவர்கள் அடுத்து என்னிடம் வருவார்கள். "உனக்கு அது பிடிக்குமா?" என்று நான் கேட்பதில்லை. பிடிக்காமலா இவ்வளவு தூரம் வந்திருப்பார்கள்? அதைச் சுற்றியிருக்கிற வேலைகளைத் தினமும் செய்ய முடியுமா என்றுதான் கேட்பேன்.

பூத்தையலில் எனக்கு உயிர் பிரெஞ்சு முடிச்சு, துணிமேல் புடைத்து நிற்கும் குட்டி முடிச்சு. நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே, ஊசியைப் பக்கத்து இழைக்குள் இறக்க வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் முடிச்சு தொளதொளவென்று நிற்கும். பொழுதுபோக்காகப் போடும்போது ஒரு பூவின் நடுவில் பத்து முடிச்சு போட்டுவிட்டு எழுந்து போகலாம். ஆர்டர் என்றால், ஒரே பூ, ஒரே நிறம், நாற்பது கைக்குட்டை. முதலாவதும் நாற்பதாவதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வாங்குகிறவர் துணியைத் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார். "இலை இன்னும் கொஞ்சம் வெளிர் பச்சையாக இருக்கலாமோ" என்பார். பிரித்தால் ஊசித்துளை தெரியும், அதை ஆவி காட்டி நீவி மறைக்க வேண்டும். அப்புறம் கணக்கு, பேக்கிங், பாக்கி கேட்டு அனுப்பும் செய்தி.

அதனால் முதல் வேலை: இருக்கிற வேலையை விடாமல், தெரியாத ஒருவரிடம் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுங்கள். நண்பர்களுக்குச் செய்து கொடுப்பது கணக்கில் சேராது, அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். தேதி குறித்த ஆர்டராக இருக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காத வடிவமாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தவர் ரசனைக்குக் கை வளைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். போட்டோ எடுப்பவர், கிடார் சொல்லிக்கொடுக்க நினைப்பவர், மரவேலை செய்பவர் யாராயிருந்தாலும் சோதனை இதுதான்.

செய்யும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து நேரத்தைக் குறியுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தையலுக்கு ஆறு மணி நேரம் என்று வையுங்கள். நூல் வாங்க, வரைபடம் பதிக்க, துவைத்துத் தேய்க்க, பேசிப் பேசி முடிவெடுக்க என்று இன்னும் நாலு மணி போகும். ஆக ஒரு உருப்படிக்குப் பத்து மணி. மாதம் 160 மணி நேரம் உழைத்தால் 16 உருப்படி, அதுவும் 16 ஆர்டர் வந்தால். மாதத்துக்கு வேண்டிய பணத்தோடு பொருள் செலவைக் கூட்டிப் பதினாறால் வகுங்கள். வருகிற விலையை ஒருவரிடம் முகம் சுருங்காமல் சொல்ல முடிகிறதா? பிறகு அதே கணக்கை எட்டு ஆர்டருக்கும் போட்டுப் பாருங்கள். மந்தமான மாதம் கண்டிப்பாக வரும்.

காசு வந்தால் ஆசை போய்விடுமா என்ற பயம் வெறும் பயம் அல்ல. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 1973-இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள் அவர்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னால் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் பாதியளவுதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. பெரியவர்களின் பிழைப்புக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, சரி. ஆனாலும் விற்பனைக்கே வராத ஒரு துண்டு வேலையைத் தனியே வைத்துக்கொள்வது என் வழக்கம். அதை யாருக்கும் காட்டுவதுகூட இல்லை. இப்போது அது ஒரு கோணல்மாணலான மீன்கொத்தி.

கணக்கு சரியாக வந்தாலும் உடனே ராஜினாமா எழுத வேண்டாம். ஜோசப் ராஃபியும் ஜீ ஃபெங்கும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சம்பள வேலையை வைத்துக்கொண்டே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள், எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிடத் தொழிலை மூடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். வேலையை விடும் நாளைத் தேதியாக வைக்காமல் நிபந்தனையாக வையுங்கள்: தொடர்ந்து ஆறு மாதம் இதில் வரும் பணம் வீட்டுச் செலவில் பாதியைத் தாங்க வேண்டும், கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும். இந்த ஆறு என் கணக்கு. குழந்தைகள், கடன் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட வழியும் உண்டு. என் வருமானத்தில் பெரும்பகுதி ஆல்டரேஷனில் வருகிறது: ஜிப் மாற்றுவது, கால் மடித்துத் தைப்பது, காஜா எடுப்பது. அதில் எனக்குக் காதலும் இல்லை, கசப்பும் இல்லை. அது சோறு போடுவதால், பிடிக்காத பூத்தையல் ஆர்டரை மறுக்க முடிகிறது. ஆசைக்குப் பக்கத்து வீட்டு வேலை ஒன்று உங்கள் துறையிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே இரவிலும் வார இறுதியிலும் இசை எழுதியவர். 1947-இல் புலிட்சர் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசு வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நம்முடையதுதான். அடுத்த முறை "இதை விற்கலாமே" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அவருக்கும் தைக்க ஆசையா என்று கேளுங்கள். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.